ஒரு புரதம் செல்லுலோஸ் உற்பத்தியைக் கட்டுப்படுத்துகிறதா? ஈ. கோலையில் படிப்படியாகச் சோதிக்கும் முழுமையான வழிகாட்டி

ஒரு மரபணுவை நீக்குகிறீர்கள். காங்கோ ரெட் என்ற சாயம் கலந்த அகார் தட்டில் சிவந்து சுருங்கி வளர வேண்டிய காலனி வெளுத்து வழவழவென்று கிடக்கிறது. "இந்தப் புரதம்தான் செல்லுலோஸைக் கட்டுப்படுத்துகிறது" என்று அன்றைக்கே குறிப்பேட்டில் எழுதிவிடத் தோன்றும். எழுதாதீர்கள். தட்டில் உப்பு கலந்திருக்கலாம், இன்குபேட்டர் சூடு ஏறியிருக்கலாம், கைக்கு வந்த ஸ்ட்ரெயினே (பாக்டீரியாவின் உள்வகையே) செல்லுலோஸ் செய்ய முடியாததாக இருக்கலாம், போனது செல்லுலோஸாக இல்லாமல் கர்லி என்ற புரத இழையாக இருக்கலாம். இத்தனையையும் ஒவ்வொன்றாகத் தள்ளிய பிறகே புரதத்தின் பெயரை எடுக்கலாம்.

கீழே உள்ள வரிசை ஈ. கோலை கே-12 பாக்டீரியாவுக்கானது. இது நோய் உண்டாக்காத ஆய்வக வகை. மரபணு மாற்றம் செய்வதும் எளிது. படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு படியும் அடுத்த படியில் வரக்கூடிய ஒரு பொய்யான முடிவை முன்கூட்டியே அடைக்கிறது.

1. முதலில் சங்கிலியைத் தாளில் வரையுங்கள்

கடைசிக் கண்ணியிலிருந்து மேல்நோக்கி வரைவது நல்லது. கடைசியில் இருப்பது பிசிஎஸ்-ஏ. உள்சவ்வில் அமர்ந்து, யுடிபி-குளுக்கோஸிலிருந்து குளுக்கோஸை ஒவ்வொன்றாகக் கோத்துச் சங்கிலியாக்கும் நொதி இது. இதன் பிஐஎல்-இசட் பகுதியில் சி-டை-ஜிஎம்பி என்ற சிறு மூலக்கூறு பிணைந்தால்தான் நொதி வேலை செய்யும். பிசிஎஸ்-பி இதனுடன் சேர்ந்து நின்று சங்கிலியை இரு சவ்வுகளுக்கும் இடையிலுள்ள பெரிபிளாசத்துக்குள் வாங்குகிறது. பிசிஎஸ்-சி வெளிச்சவ்வைத் தாண்ட வைக்கிறது. பிசிஎஸ்-ஜி சங்கிலியில் ஃபாஸ்ஃபோஎத்தனோலமைன் குழுக்களை ஒட்டுகிறது. பிசிஎஸ்-இ தானும் சி-டை-ஜிஎம்பியைப் பிடித்து உற்பத்தியைக் கூட்டுகிறது.

இதற்கு மேலே டிஜிசி-சி. பிசிஎஸ்-ஏவுக்கு வேண்டிய சி-டை-ஜிஎம்பியை உண்டாக்குவது இதுதான். சால்மொனெல்லாவில் இதன் பெயர் ஏடிஆர்-ஏ.

அதற்கும் மேலே சிஎஸ்ஜி-டி. இந்த ஒரே புரதம் கர்லி மரபணுக்களையும் டிஜிசி-சி மரபணுவையும் சேர்த்தே இயக்குகிறது. சிஎஸ்ஜி-டி படியெடுக்கப்பட வேண்டுமானால் ஆர்பிஓ-எஸ் என்ற சிக்மா காரணியும் (படியெடுப்பைத் தொடக்கிவைக்கும் புரதம்) எம்எல்ஆர்-ஏ என்ற புரதமும் வேண்டும். எம்எல்ஆர்-ஏவையும் டிஜிசி-எம் என்ற புரதத்தையும் பிடிஇ-ஆர் கட்டிப்போட்டு வைத்திருக்கிறது. டிஜிசி-இ உண்டாக்கும் சி-டை-ஜிஎம்பி அளவு ஏறினால் பிடிஇ-ஆர் அதைச் சிதைக்கும் வேலையில் இறங்கும், பிடி தளரும், சிஎஸ்ஜி-டி இயங்கத் தொடங்கும். பிடிஇ-எச் இந்த அளவு ஏறாதபடி தின்றுகொண்டே இருக்கிறது.

ஆக, ஒரே சி-டை-ஜிஎம்பி ஒரே சங்கிலியில் இரண்டு இடங்களில் வேலை செய்கிறது. மேலே சிஎஸ்ஜி-டியை இயக்க ஒரு தடவை, கீழே பிசிஎஸ்-ஏவை இயக்க இன்னொரு தடவை. புதிதாக வருபவர்கள் தடுமாறுவதில் பாதி இந்த இடத்தில்தான். உங்கள் புரதம் இதில் எங்கே நிற்கக்கூடும் என்று ஊகித்து, அந்த இடத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

2. புரதத்தின் வரிசையைப் படியுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்

புரதத்தின் அமினோ அமில வரிசையை இன்டர்ப்ரோ என்ற இணையத் தரவுத்தளத்தில் போட்டு, என்னென்ன பகுதிகள் உள்ளன என்று பாருங்கள். ஜிஜிடிஇஎஃப் பகுதி இருந்தால் சி-டை-ஜிஎம்பியை உண்டாக்கக்கூடும். இஏஎல் பகுதி இருந்தால் சிதைக்கக்கூடும். பிஐஎல்-இசட் இருந்தால் பிடிக்கக்கூடும்.

"கூடும்" என்று சொல்லக் காரணம் இருக்கிறது. கே-12இல் ஜிஜிடிஇஎஃப் அல்லது இஏஎல் பகுதி கொண்ட மரபணுக்கள் 29. அவற்றில் 12 உண்டாக்குபவை, 13 சிதைப்பவை. மீதி 4 இரண்டு வேலையும் செய்யாதவை. பகுதி இருக்கிறது, நொதி வேலை போய்விட்டது. ஆகவே பகுதியின் பெயரைப் பார்த்ததோடு நிற்காமல், வினைமையத்தின் எழுத்துகள் அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள். பிஐஎல்-இசட் ஆனால் தொடக்கத்தில் ஆர்-மூன்று எழுத்து-ஆர் என்ற அமைப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த ஆர்ஜினின்கள் இல்லையென்றால் பிணைப்பை எதிர்பார்ப்பது கடினம்.

3. சரியான ஸ்ட்ரெயினைக் கையில் எடுங்கள்

கவனிக்காவிட்டால் மாதக்கணக்கில் வேலையை வீணாக்குவது இந்தப் படிதான். டபிள்யூ3110, எம்ஜி1655, கெய்யோ தொகுப்பின் (மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கி, அந்த இடத்தில் கானாமைசின் எதிர்ப்பு மரபணுவை வைத்த ஸ்ட்ரெயின்களின் தொகுப்பு) தாய் ஸ்ட்ரெயினான பிடபிள்யூ25113 ஆகிய கே-12 ஸ்ட்ரெயின்கள் செல்லுலோஸ் செய்யாது. பிசிஎஸ்-க்யூ மரபணுவின் ஆறாவது கோடானில் (மூன்றெழுத்துக் குறியில்) டிடிஜி இருக்க வேண்டிய இடத்தில் டிஏஜி என்ற நிறுத்தக் குறி வந்துவிட்டது. அது அதே ஓபரானில் (சேர்ந்தே படியெடுக்கப்படும் மரபணு வரிசையில்) பின்னால் இருக்கும் பிசிஎஸ்-ஏ முதலியவற்றின் வெளிப்பாட்டையும் கெடுக்கிறது.

இந்த ஒற்றை எழுத்தைத் திருத்தி டபிள்யூ3110இலிருந்து உருவாக்கியதே ஏஆர்3110. 2013இல் பெர்லினில் ரெகினே ஹெங்கே குழு வெளியிட்டது. உங்கள் ஆய்வுக்கு அடிப்படை இதுவாகவே இருக்கட்டும்.

கெய்யோ தொகுப்பிலிருந்து ஒரு நீக்க ஸ்ட்ரெயினை எடுத்து நேராகத் தட்டில் வைத்து "செல்லுலோஸ் இல்லை" என்று முடிவு செய்தால், நீங்கள் பார்த்தது பிசிஎஸ்-க்யூ பிழையை. உங்கள் மரபணுவுக்கு அதில் பங்கே இல்லை.

ஸ்ட்ரெயின் வந்தவுடன் செய்ய வேண்டியவை இரண்டு. பிசிஎஸ்-க்யூவின் தொடக்கப் பகுதியைப் பிசிஆர் செய்து வரிசை பாருங்கள். பிறகு ஆர்பிஓ-எஸ் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். பல வருடம் கைமாறிய ஸ்டாக்குகளில் ஆர்பிஓ-எஸ் கெட்டுப்போயிருப்பது சகஜம். இதற்கு எளிய சோதனை: ஒரு நாள் முழுக்க வளர்ந்த காலனி மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு விடுங்கள். நல்ல ஸ்ட்ரெயினில் உடனே நுரை பொங்கும்; கெட்டதில் சோம்பலாகச் சில குமிழிகள் மட்டும் எழும். ஆர்பிஓ-எஸ் சொன்னால்தான் அந்தக் கேட்டலேஸ் நொதி நிறைய வரும் என்பதே காரணம். நல்லதென்று தெரிந்த ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

4. ஒப்பீட்டு ஸ்ட்ரெயின்களை முன்னதாகவே சேர்த்து வையுங்கள்

உங்கள் மரபணுவைத் தொடுமுன் இந்த ஐந்தும் மைனஸ் 80 ஃப்ரீசரில் இருக்க வேண்டும்: ஏஆர்3110, அதில் பிசிஎஸ்-ஏ நீக்கம், சிஎஸ்ஜி-பி நீக்கம், சிஎஸ்ஜி-டி நீக்கம், டிஜிசி-சி நீக்கம்.

பிசிஎஸ்-ஏ நீக்கம் "கர்லி மட்டும்" எப்படி இருக்கும் என்று காட்டும். சிஎஸ்ஜி-பி நீக்கம் "செல்லுலோஸ் மட்டும்". சிஎஸ்ஜி-டி நீக்கத்தில் இரண்டும் இருக்காது. டிஜிசி-சி நீக்கத்தில் கர்லி இருக்கும், செல்லுலோஸ் இருக்காது. இவை பக்கத்தில் இல்லாத தட்டின் படத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது.

சிஎஸ்ஜி-பியை நீக்கும்போது ஒரு எச்சரிக்கை. கர்லியின் இரண்டு ஓபரான்களும் முதுகோடு முதுகாக நிற்கின்றன. நடுவில் உள்ள இடைவெளியில்தான் சிஎஸ்ஜி-டியின் ப்ரமோட்டரும் (படியெடுப்பு தொடங்கும் இடம்) இருக்கிறது. அந்த இடைவெளியில் கத்தி பட்டால் செல்லுலோஸும் சேர்ந்து போய்விடும்.

5. மரபணுவை நீக்குங்கள்

கெய்யோ நீக்கத்தைப் பி1 ஃபேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) வழியாக ஏஆர்3110க்குக் கொண்டுவருவது வழக்கம்.

கொடுக்கும் ஸ்ட்ரெயினின் இரவுக் கல்ச்சரை எல்பி என்ற வழக்கமான ஊடகத்தில் 100க்கு 1 என்று நீர்த்து, கால்சியம் குளோரைடு 5 மில்லிமோலார், குளுக்கோஸ் 0.2 சதவீதம் சேர்த்து, 37° செல்சியஸில் முக்கால் மணி நேரம் வளருங்கள். பி1 லைசேட் (ஃபேஜ் நிறைந்த திரவம்) 100 மைக்ரோலிட்டர் சேர்த்துக் குலுக்கினால் இரண்டு மூன்று மணி நேரத்தில் கலங்கல் தெளிந்து செல் எச்சங்கள் நூல்நூலாக மிதக்கும். குளோரோஃபார்ம் சில சொட்டு விட்டுச் சுழற்றி மேல்நீரை எடுங்கள்.

வாங்கும் ஸ்ட்ரெயினின் செல்களைக் கால்சியம் 5, மெக்னீசியம் சல்ஃபேட் 10 மில்லிமோலார் உள்ள எல்பியில் கலக்குங்கள். 100 மைக்ரோலிட்டர் செல்லோடு 10, 50, 100 மைக்ரோலிட்டர் லைசேட்டைத் தனித்தனிக் குழாய்களில் சேர்த்து 37°இல் அரை மணி நேரம் வையுங்கள். பிறகு 1 மோலார் சோடியம் சிட்ரேட் 200 மைக்ரோலிட்டர், எல்பி 1 மில்லிலிட்டர் சேர்த்து ஒரு மணி நேரம் வளர்த்து, கானாமைசின் தட்டில் பரப்புங்கள். சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கால்சியம் இல்லாமல் பி1 புதிய செல்லில் ஒட்டாது. இதை மறந்தால் கிடைத்த காலனிகளை மிச்ச ஃபேஜ் தின்றுவிடும். சிட்ரேட் கலந்த தட்டில் இரண்டு முறை கோடிட்டுச் சுத்தப்படுத்துங்கள். செல் மட்டும் ஒன்று, லைசேட் மட்டும் ஒன்று என்று இரண்டு வெற்றுத் தட்டுகள் கட்டாயம்.

இனி, கூர்ந்து கவனிக்க வேண்டிய பொறி. பி1 தன்னோடு ஏறக்குறைய 100 கிலோபேஸ் டிஎன்ஏவை இழுத்துவரும். பிடிஇ-எச், பிடிஇ-கே இரண்டும் பிசிஎஸ் ஓபரானுக்கு மிக அருகில் உள்ள மரபணுக்கள். கெய்யோவிலிருந்து இவற்றைக் கடத்தினால், பக்கத்திலேயே இருக்கும் கெட்ட பிசிஎஸ்-க்யூவும் கூடவே வந்துவிடும். பிடிஇ-எச் நீக்கினால் செல்லுலோஸ் கூட வேண்டும். உங்கள் தட்டில் காணாமல் போயிருக்கும். அந்தச் சுற்றுவட்டார மரபணுக்களைக் கடத்தாதீர்கள். லாம்டா ரெட் முறையில் (ஃபேஜ் புரதங்களின் உதவியோடு டிஎன்ஏ துண்டைச் செருகும் முறை) ஏஆர்3110க்குள்ளேயே நேராக நீக்குங்கள். எப்படிச் செய்தாலும், முடிவில் பிசிஎஸ்-க்யூவை மறுபடி வரிசை பாருங்கள்.

மரபணு இருந்த இடத்தில் நிற்கும் கானாமைசின் எதிர்ப்புத் துண்டை (கேசட்டை) பிசிபி20 பிளாஸ்மிட் கொண்டு அகற்றிவிடுவது நல்லது. கேசட் நின்றால் அதே ஓபரானில் பின்னால் உள்ள மரபணுவின் வெளிப்பாடு மாறலாம். பிளாஸ்மிட்டை 30°இல் ஏற்றி, 42°இல் வளர்த்து வெளியேற்றுங்கள். கானாமைசின், ஆம்பிசிலின் இரண்டிலும் வளராத காலனிகளில் குறைந்தது மூன்றைத் தனித்தனியாக ஸ்டாக் வையுங்கள்.

6. தட்டு ஊற்றுங்கள்

ஒரு லிட்டருக்கு டிரிப்டோன் 10 கிராம், ஈஸ்ட் சாறு 5 கிராம், அகார் 15 கிராம். சோடியம் குளோரைடு சேர்க்கக் கூடாது. அலமாரியில் இருக்கும் ஆயத்த எல்பி பொடியில் உப்பு இருக்கும். அந்தப் பொடியைப் பயன்படுத்திவிட்டால் சிஎஸ்ஜி-டி சரியாக இயங்காது, நல்ல ஸ்ட்ரெயினும் வெளுக்கும்.

121°இல் ஆட்டோகிளேவ் செய்து, 50 முதல் 55 டிகிரிக்கு ஆறவிட்டு, காங்கோ ரெட் ஸ்டாக் 4 மில்லிலிட்டரும் கூமாசி புளூ ஸ்டாக் 2 மில்லிலிட்டரும் சேருங்கள். இரண்டு ஸ்டாக்கும் மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம். கடைசியில் மில்லிலிட்டருக்குக் காங்கோ ரெட் 40, கூமாசி 20 மைக்ரோகிராம் என்று வரும். காங்கோ ரெட் பென்சிடின் சார்ந்த சாயம்; புற்றுநோய் அபாயம் உண்டு. பொடியை எடைபோடும்போது கையுறையும் முகக்கவசமும் வேண்டும்.

90 மி.மீ. தட்டுக்கு 25 மில்லிலிட்டர் என்று பைப்பெட்டால் அளந்து ஊற்றுங்கள். கண் அளவில் ஊற்றினால் மெல்லிய தட்டு ஐந்து நாளில் காய்ந்து, சுருக்கங்கள் வேறு மாதிரி விழும். ஒரு சோதனைக்கு வேண்டிய எல்லாத் தட்டும் ஒரே குடுவையிலிருந்து, ஒரே நாளில் ஊற்றியவையாக இருக்கட்டும். சாயத்தின் லாட் மாறினாலே நிறம் மாறும்.

7. சொட்டு வைத்துக் காத்திருங்கள்

எல்பியில் 37°இல் இரவு முழுக்க வளர்ந்த கல்ச்சரை ஒரே அடர்த்திக்குச் சரிசெய்து, 5 மைக்ரோலிட்டர் சொட்டாக வையுங்கள். பைப்பெட் நுனி அகாரைக் குத்தக் கூடாது. குத்திய இடத்திலிருந்து சுருக்கம் தொடங்கும். ஒரு தட்டில் நான்கு சொட்டுக்கு மேல் வேண்டாம். நெருங்கி நின்றால் ஒன்றின் உணவை மற்றொன்று பறிக்கும், ஓரங்கள் நசுங்கும்.

28°இல் ஐந்து நாள். 30°ஐத் தாண்ட விடாதீர்கள். 37°இல் கே-12இல் சிஎஸ்ஜி-டி ஏறக்குறைய அடங்கிப்போகும். இன்குபேட்டர் திரையில் காட்டும் எண்ணை நம்பாமல், தட்டு இருக்கும் அடுக்கிலேயே ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சத்தில் படம் எடுங்கள். மூன்றாம் நாள் தெரியும் வேறுபாடு ஐந்தாம் நாள் மறைந்துவிடுவதும் உண்டு; அப்படியானால் நீங்கள் பார்ப்பது தாமதம், இழப்பு அல்ல.

இதே வேளையில் 28°இல் திரவத்தில் வளர்ச்சி வரைபடமும் எடுத்துவிடுங்கள். மெதுவாக வளரும் ஸ்ட்ரெயின் வெளிறித்தான் தெரியும்.

8. காலனியைப் படியுங்கள்

ஏஆர்3110 அடர் சிவப்பாக இருக்கும். நடுவிலிருந்து ஓரத்துக்கு நீண்ட மடிப்புகள், புடைவைக் கொசுவம் போல உயர்ந்து நிற்கும். ஊசியால் தூக்கினால் காலனி முழுதும் தோல் மாதிரி சேர்ந்தே வரும்.

கர்லி மட்டும் உள்ளது பழுப்பு கலந்த சிவப்பு. நீண்ட மடிப்பு இராது, வட்டம் வட்டமாக வளையங்கள் தெரியும், தொட்டால் நொறுங்கும். செல்லுலோஸ் மட்டும் உள்ளது வெளிர் இளஞ்சிவப்பு. உள்பகுதியில் பின்னிய சிறு சுருக்கங்கள் இருக்கும். இரண்டும் இல்லாதது வெளிறி வழவழப்பாக இருக்கும்.

உங்கள் ஸ்ட்ரெயின் இந்த நான்கில் எதற்கு நெருங்கி இருக்கிறது என்று எழுதுங்கள். "சிவப்பு குறைந்தது" என்று மட்டும் எழுதினால் அதற்குப் பொருளே இல்லை, ஏனென்றால் காங்கோ ரெட் கர்லியிலும் செல்லுலோஸிலும் ஒட்டும். பிசிஎஸ்-ஜி நீக்கம் போன்றவை இன்னும் ஏமாற்றும். செல்லுலோஸ் இருக்கும், ஃபாஸ்ஃபோஎத்தனோலமைன் இராது. அதனால் மடிப்பு மாறிப்போகும். வடிவத்தை மட்டும் பார்ப்பவர் செல்லுலோஸே இல்லை என்று எழுதிவிடுவார்.

9. கர்லியைப் பிரித்துவிட்டு செல்லுலோஸை மட்டும் பாருங்கள்

உங்கள் மரபணு நீக்கத்தை சிஎஸ்ஜி-பி நீக்கப் பின்னணியிலும் செய்யுங்கள். கூடுதலாக ஒரு வார வேலை. ஆனால் இதற்கு ஈடு வேறில்லை. அந்தப் பின்னணியில் கர்லி கிடையாது, ஆகவே காங்கோ ரெட் காட்டும் நிறம் செல்லுலோஸைச் சார்ந்தது என்று தைரியமாகப் பேசலாம்.

அடுத்து கால்கோஃப்ளூர் என்ற ஒளிரும் சாயம் கலந்த தட்டு. அதே உப்பில்லா அகாரில், ஆறிய பிறகு, லிட்டருக்கு 50 மில்லிகிராம். சாயம் நீரில் கரைய மறுத்தால் சில சொட்டுக் காரம் விட்டுக் கரையுங்கள். தட்டுகளை ஃபாயிலில் சுற்றி இருட்டில் வையுங்கள். வெளிச்சத்தில் சாயம் சிதையும். 365 நானோமீட்டர் புற ஊதா ஒளியில், தக்க கண்ணாடி அணிந்து பாருங்கள். பிசிஎஸ்-ஏ நீக்கத்தின் ஒளிர்வு எவ்வளவோ, அது உங்கள் பூஜ்யம்.

கால்கோஃப்ளூர் பீட்டா பிணைப்புள்ள வேறு சில சர்க்கரைத் தொடர்களிலும் ஒட்டும். ஐயம் இருந்தால் காலனியைச் சுரண்டி, கழுவி, பிஎச் 5 சிட்ரேட் பஃபரில் செல்லுலேஸ் சேர்த்து இரவு முழுக்க வைத்து, வெளிவரும் குளுக்கோஸை அளவுங்கள். கொதிக்கவைத்துச் செத்த நொதியோடு ஒரு குழாய், பிசிஎஸ்-ஏ நீக்கத்தோடு ஒரு குழாய் கட்டாயம் வேண்டும். விற்பனைக்கு வரும் செல்லுலேஸ் தூள்களில் குளுக்கோஸ் கலந்திருப்பது உண்டு; அதைக் கழித்துவிடுங்கள்.

10. மீட்டுக் காட்டுங்கள்

நீக்கிய மரபணுவைப் பிளாஸ்மிட்டில் திருப்பிக் கொடுத்தால் பழைய வடிவம் வர வேண்டும். வராவிட்டால், கெட்டது வேறெங்கோ.

குறைந்த எண்ணிக்கையில் இருக்கும் பிளாஸ்மிட்டையே எடுங்கள். சி-டை-ஜிஎம்பியை உண்டாக்கும் எந்தப் புரதத்தையும் அளவுக்கு மீறிக் கொட்டினால் செல்லுலோஸ் கூடத்தான் செய்யும். அதற்கும் இயல்பான கட்டுப்பாட்டுக்கும் சம்பந்தமில்லை. "அதிகமாகக் கொடுத்தோம், செல்லுலோஸ் கூடியது, ஆகவே இது செல்லுலோஸ் புரதம்" என்ற வாதம் இந்தத் துறையில் அடிக்கடி கேட்கும் தவறு. இண்டியூசரை (பிளாஸ்மிட்டிலுள்ள மரபணுவை இயக்கும் பொருளை) படிப்படியாக ஏற்றி, இயல்பு வடிவத்தை மீட்கப் போதுமான மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடியுங்கள்.

அராபினோஸ் என்ற சர்க்கரையால் இயங்கும் ப்ரமோட்டர் வேண்டாம். டபிள்யூ3110 வழி வந்தவை அராபினோஸைத் தின்றுவிடும். ஐந்து நாள் ஓடும் தட்டில் அளவு நிலைக்காது. வெற்றுப் பிளாஸ்மிட் உள்ள ஸ்ட்ரெயினை ஒவ்வொரு தட்டிலும் வையுங்கள். ஐந்தாம் நாள் காலனியைக் கரைத்து, ஆன்டிபயாடிக் உள்ள தட்டிலும் இல்லாத தட்டிலும் பரப்பி, எத்தனை செல் பிளாஸ்மிட்டை இழந்திருக்கிறது என்று எண்ணுங்கள். ஆம்பிசிலினானால் இது மிக அவசியம். காலனியே ஆம்பிசிலினைச் சிதைத்துவிடுவதால் பிளாஸ்மிட் இல்லாதவையும் பிழைத்துக்கொள்ளும்.

11. வினைமையத்தை மட்டும் கெடுத்துப் பாருங்கள்

புரதம் இருப்பது முக்கியமா, அதன் நொதி வேலை முக்கியமா? ஜிஜிடிஇஎஃப் என்பதை ஜிஜிஏஏஎஃப் என்றோ, இஏஎல் என்பதை ஏஏஎல் என்றோ மாற்றி, மறுபடி மீட்புச் சோதனை செய்யுங்கள்.

மீட்கவில்லை என்றால் உடனே மகிழ வேண்டாம். மாற்றிய புரதம் சிதைந்துபோயிருக்கலாம். ஃபிளாக் என்ற சிறு அடையாளக் குறி சேர்த்து, எதிர்ப்பான் கொண்டு புரதத்தைக் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட்டில் இரண்டு வடிவமும் ஒரே அளவு இருப்பதைக் காட்டுங்கள். மீட்டுவிட்டது என்றால் அதுவும் ஒரு கண்டுபிடிப்பே. பிடிஇ-ஆர், டிஜிசி-எம் போன்றவை மற்றப் புரதங்களைப் பிடிப்பதாலும் விடுவதாலும் கட்டுப்படுத்துகின்றன. நொதி வேலை அதோடு சேர்ந்து வருவது.

12. சங்கிலியில் எந்தக் கண்ணி என்று தீர்மானியுங்கள்

முதல் கேள்வி: சிஎஸ்ஜி-டி மாறியிருக்கிறதா? சிஎஸ்ஜி-டி எதிர்ப்பானோடு வெஸ்டர்ன் செய்யலாம், அல்லது லேக் நீக்கிய பின்னணியில் சிஎஸ்ஜி-பி ப்ரமோட்டரை லேக்-இசட்டோடு (அளக்க எளிதான ஒரு நொதியின் மரபணு) இணைத்து அளக்கலாம். 28°இல் மாதிரிகளை நிலைக்கட்டம் வரை எடுங்கள். ஆர்பிஓ-எஸ் அப்போதுதான் ஏறும். வேகமாக வளரும் கட்டத்தில் எடுத்தால் எல்லாமே பூஜ்யமாகத் தெரியும்.

கர்லியும் குறைந்து, சிஎஸ்ஜி-டியும் குறைந்தால் உங்கள் புரதம் மேல்தளத்தில். டிஜிசி-இ, டிஜிசி-எம், எம்எல்ஆர்-ஏ நீக்கங்கள் இப்படித்தான் இருக்கும். அவற்றைச் செல்லுலோஸுக்கென்றே இருக்கும் கட்டுப்பாட்டுப் புரதம் என்று அழைப்பது பொருந்தாது. சிஎஸ்ஜி-டியும் கர்லியும் அப்படியே இருந்து செல்லுலோஸ் மட்டும் போனால் கீழ்த்தளம். டிஜிசி-சி நீக்கம் இதற்கு மாதிரி.

பிறகு இரட்டை நீக்கங்கள். உங்கள் நீக்கம் செல்லுலோஸைக் கூட்டுகிறது என்று வையுங்கள். அதோடு டிஜிசி-சியையும் நீக்கினால் செல்லுலோஸ் மறைகிறதா? மறைந்தால் விளைவு டிஜிசி-சி வழியாகப் போகிறது. மறையாவிட்டால் வேறொரு புரதம் பிசிஎஸ்-ஏவுக்குச் சி-டை-ஜிஎம்பி ஊட்டுகிறது. செல்லுலோஸ் குறையும் நீக்கத்தில் தலைகீழாகச் செய்யுங்கள்: டிஜிசி-சியைப் பிளாஸ்மிட்டிலிருந்து கொடுத்தால் செல்லுலோஸ் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பினால் பிசிஎஸ் இயந்திரம் நலமாக இருக்கிறது. தடை அதற்கு மேலே.

13. சி-டை-ஜிஎம்பியை அளவுங்கள், ஆனால் எண்ணுக்கு அடிமையாகாதீர்கள்

செல்களைச் சட்டென்று குளிர்வித்து, அசிட்டோநைட்ரைல், மெத்தனால், நீர் 40:40:20 கலவையில் எடுங்கள். பனிக்கட்டியில் 15 நிமிடம், 95°இல் 10 நிமிடம், மறுபடி பனிக்கட்டி. சூடு காட்டுவது சிதைக்கும் நொதிகளைக் கொல்ல. மூன்று முறை எடுத்துச் சேர்த்து, உலர்த்தி, நீரில் கரைத்து, எல்சி-எம்எஸ்/எம்எஸ் என்ற நிறை அளக்கும் கருவியில் 691இலிருந்து 152 என்ற மாற்றத்தைப் பாருங்கள். அளவைப் புரத மில்லிகிராமுக்கு என்று எழுதுங்கள். உள் அளவுகோல் (அளவு தெரிந்த ஒப்பீட்டுப் பொருள்) சேர்க்காத எண்ணை நம்பாதீர்கள்.

மொத்த அளவு மாறவில்லை என்றால் உங்கள் புரதத்தைக் கைவிட்டுவிடாதீர்கள். டிஜிசி-சியும் பிடிஇ-கேயும் பிசிஎஸ் கூட்டமைப்பை ஒட்டியே நின்று அங்கேயே சி-டை-ஜிஎம்பியை உண்டாக்கிச் சிதைக்கின்றன என்று காட்டப்பட்டிருக்கிறது. பக்கத்து வீட்டுக்குக் கைமாற்றாகக் கொடுத்த பணம் ஊர்க் கணக்கில் ஏறாது. மொத்த அளவு நிற்க, செல்லுலோஸ் மட்டும் மாறினால் உங்கள் புரதம் பிசிஎஸ்-ஏ, பிசிஎஸ்-பியோடு ஒட்டுகிறதா என்று பாக்டீரியல் டூ-ஹைப்ரிட் முறையிலும், குறி சேர்த்து இழுத்தெடுக்கும் முறையிலும் பாருங்கள். இரண்டும் சவ்வுப் புரதங்கள் என்பதால் டிட்டர்ஜென்ட் தேர்வில் நேரம் போகும்.

14. சுத்தம் செய்த புரதத்தில் உறுதி செய்யுங்கள்

உண்டாக்கும் புரதமானால் ஜிடிபியும் மெக்னீசியமும் கொடுத்து சி-டை-ஜிஎம்பி வருகிறதா என்று பாருங்கள். பிடிக்கும் புரதமானால் ஐடிசி முறையில் (பிணையும்போது மாறும் வெப்பத்தை அளக்கும் முறை) பிணைப்பு மாறிலியை எடுங்கள். ஆர்ஜினினை மாற்றிய வடிவத்தில் பிணைப்பு மறைய வேண்டும். ஜிடிபியும் ஜிஎம்பியும் கொடுத்து, அவை பிணையவில்லை என்றும் காட்டுங்கள்.

பிசிஎஸ்-ஏவையே நேராகச் சோதிக்க வேண்டுமானால், அதுவும் பிசிஎஸ்-பியும் உள்ள உள்சவ்வுத் துணுக்குகளில் கதிரியக்கக் குறியிட்ட யுடிபி-குளுக்கோஸ், மெக்னீசியம், சி-டை-ஜிஎம்பி சேர்த்து, கரையாத பகுதியில் எவ்வளவு குறி சேர்கிறது என்று அளக்க வேண்டும். ரோடோபாக்டர் ஸ்ஃபீராய்டிஸின் பிசிஎஸ்-ஏவில் இந்தச் சுவிட்ச் எப்படி வேலை செய்கிறது என்று படிக அமைப்பே காட்டுகிறது. சி-டை-ஜிஎம்பி இல்லாதபோது பிஐஎல்-இசட் அமைப்பின் ஆர்ஜினின் 580, குளுட்டமேட் 371ஐப் பிடித்துக்கொண்டு வாயில் வளையத்தை மூடி வைத்திருக்கிறது. சி-டை-ஜிஎம்பி வந்து அந்த ஆர்ஜினினைத் தன்பக்கம் இழுத்தால் வளையம் அவிழ்ந்து யுடிபி-குளுக்கோஸ் உள்ளே போகும். இந்தப் பிடியை அறுக்கும் மாற்றம் செய்தால் சி-டை-ஜிஎம்பி இல்லாமலே நொதி இயங்கும். உங்கள் புரதத்தின் விளைவு பிசிஎஸ்-ஏவின் இந்தச் சுவிட்ச் வழியாகத்தான் போகிறதா என்று செல்லுக்குள்ளேயே சோதிக்க, இப்படி எப்போதும் இயங்கும் வடிவம் மிக நல்ல கருவி.

15. கொமகடாய்பாக்டரில் செய்வதானால் மாற்ற வேண்டியவை

தேங்காய்த் தண்ணீரில் நாட்டா என்ற செல்லுலோஸ் உணவைச் செய்யும் இந்தப் பாக்டீரியா இனத்தில் கர்லி, சிஎஸ்ஜி-டி கிடையாது. 4, 8, 9ஆம் படிகளின் கர்லிப் பகுதியை விட்டுவிடலாம். ஊடகம் ஹெஸ்ட்ரின்-ஷ்ராம்: லிட்டருக்கு குளுக்கோஸ் 20, பெப்டோன் 5, ஈஸ்ட் சாறு 5, டைசோடியம் ஹைட்ரஜன் ஃபாஸ்ஃபேட் 2.7, சிட்ரிக் அமிலம் 1.15 கிராம், பிஎச் 6, வெப்பம் 30°.

கல்ச்சரைக் குலுக்காமல் வையுங்கள். குலுக்கினால் செல்லுலோஸ் செய்யாதபடி மரபணு மாறிய செல்கள் கூட்டத்தில் பெருகிவிடும். அவை உங்கள் நீக்கத்தின் விளைவு போலவே தோன்றும். முன்கல்ச்சரைக் குலுக்கித்தான் வளர்க்க வேண்டுமானால் ஊடகத்தில் சிறிது செல்லுலேஸ் சேர்த்து, செல்லைக் கழுவிவிட்டுத் தொடங்குங்கள். ஏழு நாளில் மேற்பரப்பில் மிதக்கும் படலத்தை எடுத்து, 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடில் 80°இல் வைத்து, செல்லின் மஞ்சள் போய் வெள்ளையாகும்வரை காரத்தை மாற்றுங்கள். நீர் பிஎச் நடுநிலைக்கு வரும்வரை கழுவி, எடை மாறாத நிலை வரை உலர்த்தி எடைபோடுங்கள். ஈரப் படலத்தை எடைபோட்டு ஒப்பிடாதீர்கள். அதில் பெரும்பகுதி நீர், வடித்த விதத்துக்கேற்ப எண் மாறிக்கொண்டே இருக்கும்.